பேனா ரீஃபில்ல ஒரு ட்யூப் ஃப்ளை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "நீலகிரிக்காரன், அவலாஞ்சில ட்ரௌட் இருக்கு, நீ எதுக்குப்பா கடலுக்குப் போற?" ஸ்ரீமதுரையிலிருந்து நாடுகாணி இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் தாண்டினா பேப்பூர். கூடலூர்ப் பக்கம் ஓடுற பாண்டியாறு புன்னப்புழையோட சேர்ந்து, சாலியாத்துல கலந்து, அங்கதான் கடல்ல விழுது. எங்க தாலுகா மழைத்தண்ணி போற வழியில நானும் போறேன், அவ்வளவுதான்.

அந்தக் கழிமுகத்துல நான் தேடுறது கொடுவா. அதுக்கு நான் கட்டுறது ட்யூப் ஃப்ளை. சாதாரண ஃப்ளைல முடி, இறகு எல்லாத்தையும் தூண்டில் முள் மேலேயே கட்டுவோம். இதுல ஒரு சின்னக் குழாய் மேல கட்டுறோம். நரம்பு குழாய்க்குள்ள போய், பின்பக்கம் வெளிய வந்து, முள்ளுல முடிச்சு. 1945 வாக்கில ஸ்காட்லாந்தோட அபர்டீன்ல சால்மன் மீனுக்காக ஆரம்பிச்சது. முதல்ல வான்கோழி இறகுத் தண்டைத்தான் குழாயா வெட்டியிருக்காங்க.

உப்புத் தண்ணில முள் துருப்பிடிச்சா முள்ளை மட்டும் மாத்தினா போதும். ஒரு மாட்யூலை மட்டும் மாத்துற மாதிரி. இன்னொண்ணு, கொடுவா குதிச்சு தலையை உதறும். நீளமான முள்ளா இருந்தா அந்த நெம்புதல்லயே கழண்டுடும். இங்க முள் குட்டை, குழாய் நரம்புல மேல வழுக்கிப் போயிடும், மீன் கையில நெம்பறதுக்கு எதுவும் இல்ல.

குழாய்க்கு நான் எடுக்கிறது தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில். நாலு சென்டிமீட்டர் வெட்டி, ஸ்பிரிட்ல மை போகக் கழுவி, தடிமனான ஊசியில செருகிக்கணும். ரெண்டு முனையையும் லைட்டர் தீக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டினா விளிம்பு உருகி உருண்டையா மடியும். கீழே வெள்ளை ஆட்டுமுடி, மேலே கறுப்பு, நடுவுல ரெண்டு மூணு ஜரிகை இழை. முடி அதிகம் வேண்டாம், நனைஞ்சா கனத்துடும், வீச முடியாது. வெளிநாட்டு வீடியோல மான் வால் முடி சொல்வாங்க. முதுமலை பக்கத்துல உட்கார்ந்துகிட்டு அந்தப் பேச்சே வேண்டாம் சாமி. நூல் முடிச்சு மேல நெயில் பாலிஷ். பின்முனையில ஒரு சென்டிமீட்டர் சைக்கிள் வால்வு ட்யூப் மாட்டி, முள்ளோட கண்ணை அதுக்குள்ள அழுத்திட்டா முள் நேரா நிக்கும்.

அந்த உருக்குற வேலையை ஒரு தடவை சோம்பேறித்தனமா விட்டேன். ராத்திரி ஒரு மணி, ஆபீஸ் ரிலீஸ் முடிச்ச கையோட கட்டினது, முன்முனையை பிளேடுல வெட்டி அப்படியே விட்டுட்டேன். மறுநாள் சாயங்காலம் வடியுற தண்ணில, புலிமுட்டுக் கல்லு ஓரத்துல, அது கடிச்சது. ரெண்டு தடவை முழு உடம்பும் வெளிய வந்துச்சு. என் கை நீளத்துக்குக் கொறையாது. மூணாவது குதிப்புல நரம்பு லேசாயிடுச்சு. இழுத்துப் பார்த்தா முனை முடிச்சுல அவிழல, பிளேடு விளிம்பு உரசி உரசி சொரசொரன்னு அறுந்திருக்கு. பக்கத்துல வலை உதறிட்டு இருந்த இக்கா முனையை வாங்கி விரலால தடவிப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம திருப்பிக் கொடுத்தாரு. திட்டியிருந்தா பரவால்ல.

கொடுவா பெரும்பாலும் ஆணாப் பிறந்து, வளர்ந்தப்புறம் பெண்ணா மாறுற மீன். அந்த சைஸ்னா அனேகமா முட்டை போடுற பெண். என் முள் அது வாயில. இப்போ ஒவ்வொரு முனையையும் பஞ்சை உரசிப் பார்க்கிறேன். ஒரு இழை சிக்கினாலும் அந்தக் குழாய் குப்பைக்கு. முள்ளோட செவுள் முள்ளையும் பிளையரால நசுக்கிடறேன், அறுந்தாலும் மீன் உதறிடட்டும்னு.

போடும்போது ஒன்பதாம் நம்பர் ராடு, கடைசி ரெண்டடிக்கு நாப்பது பவுண்ட் நரம்பு. கொடுவாவோட செவுள் மூடி கத்தி மாதிரி. வீசிட்டு மூணு எண்ணி மூழ்க விடுங்க. ரெண்டு வெட்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்துலதான் பாதி கடி. கடிச்சதும் ட்ரௌட் பழக்கத்துல ராடைத் தூக்காதீங்க, இடது கையால நரம்பை நேரா இழுங்க. கல்லுல பாசி இருக்கும், தனியா போகாதீங்க.

அந்த அறுந்த நரம்பு முனை இன்னும் என் மானிட்டர்ல ஒட்டியிருக்கு. அடுத்த எபிசோட்ல பாறை மீனுக்குக் கட்டுறதைப் பார்ப்போம்.