பள்ளிப் படிப்பு முடியாதவருக்குப் பல்கலைக் கழகக் கதவு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

ஜும்ஆ மேடையில் பேச வேண்டிய பொருள் வேறு, பொதுக்குழுவில் பேச வேண்டிய பொருள் வேறு. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட இவ்வேளையில், நம் பிள்ளைகளின் கணக்கு ஒன்றைச் சபை முன் வைக்க விரும்புகிறோம்.

ஐந்தாம் வகுப்போடு, அல்லது எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவுக்குச் செல்லும் பிள்ளை, ஹாஃபிழாகவோ ஆலிமாகவோ பத்தொன்பது, இருபது வயதில் ஊர் திரும்புகிறான். வறுமையினால் எட்டாம் வகுப்போடு நின்று தறிக்கும் கடைக்கும் சென்ற பிள்ளையும் அதே வயதில் நம்மிடம் வருகிறான். இருவரும் கேட்பது ஒரே கேள்வி: "ஹஜ்ரத், நாங்கள் டிகிரி படிக்க முடியுமா?" பஜாரில் ஒருவர் "பத்தாவதே வேண்டாம், நேரே பி.ஏ. சேரலாம்" என்கிறார். மற்றொருவர் "பிளஸ் டூ இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. அப்பாதி உண்மையினால் பல இளைஞர்களின் ஆண்டுகள் வீணாகியிருக்கின்றன.

பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு என்னும் இவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது நம் ஊர் மண்ணோடு தொடர்புடையதாகவே இருக்கிறது. திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில், விடுதலைக்குப் பின் 1948இல் பல்கலைக் கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று, அக்காலத்து இன்டர்மீடியட் தரத்தை எட்டியவரையே பல்கலைக் கழகத்தில் சேர்க்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பின்னர் 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரிக் குழு பத்து, இரண்டு, மூன்று என்னும் அமைப்பை வலியுறுத்தியது. தமிழகத்தில் 1978இல் பி.யூ.சி. மறைந்து மேல்நிலைக் கல்வி வந்தது. அறைகுறை அடித்தளத்தோடு கல்லூரிக்குள் வருபவன் தடுமாறுவான் என்பதே அப்பெரியவர்களின் கவலை. அதனைக் குறை கூற இயலாது.

ஆயினும் அதே காலத்தில், 1887இல் ஈரோட்டில் பிறந்த மற்றொருவரை நினையாதிருக்க முடியவில்லை. சீனிவாச இராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேறினார்; அதன் மேல் எஃப்.ஏ. தேர்வில் தேறவேயில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அவருக்குக் கரையேற வழியில்லை. கணிதம் தவிர வேறெதிலும் அவருடைய மனம் செல்லவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். அத்தகையவருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே உரிய அத்தொகையை, விதியை விலக்கி வைத்து வழங்கினர். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவரை ஏற்றுக் கொண்டது; 1916இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டமும் அளித்தது. நம் திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய ம.பொ.சி. அவர்களோ மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், அச்சுக் கோத்தவர். 1966இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சான்றிதழுக்கு வெளியேயும் அறிவு உண்டு என்பதற்கு இவ்விருவர் போதும். ஆனால், "இராமானுஜனுக்குக் கொடுத்தார்களே, என் மகனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?" என்று கேட்கும் தந்தைக்கு நாம் சொல்வது: அவருக்காகப் பேராசிரியர்கள் கடிதம் எழுதினர், நம் பிள்ளைக்காக எழுத இன்று எவரும் காத்திருக்கவில்லை. பிள்ளைக்கு வேண்டியது விதிவிலக்கு அன்று, வழி.

அவ்வழியைத் திறந்து வைக்கும் முயற்சி உலகெங்கும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1971 முதல் எந்த முன்தகுதியும் கேளாமல் மாணவரைச் சேர்த்துக் கொண்டது. இந்தியாவில் அத்தகைய முதற் பல்கலைக் கழகம் நமக்கு எல்லையை அடுத்த ஆந்திரத்தின் பெயரால் 1982இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் டாக்டர் அம்பேத்கர் பெயரைப் பெற்றது. பள்ளிச் சான்று இல்லாதவரையும் தகுதித் தேர்வு ஒன்று வைத்துச் சேர்த்தது. பல்கலைக் கழக மானியக் குழுவும் 1985ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு இடம் அளித்தது: முன் படிப்பு ஏதும் இல்லாதவர், இருபத்தொரு வயது நிரம்பியவராயின், பல்கலைக் கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறித் தொலைநிலைக் கல்வியில் முதற் பட்டம் படிக்கலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியது. தமிழகத்திலும் பல்கலைக் கழகங்களின் தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் இவ்வழியில் ஆயிரக் கணக்கானோரைச் சேர்த்தன. பஜாரில் ஒருவர் "நேரே சேரலாம்" என்று சொன்னது இந்தக் காலத்தை மனத்தில் கொண்டு தான்.

பின்பு நிலைமை மாறியது. முதற் பட்டம் பெறாமலேயே திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்றும், மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த பின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

இதன் விளைவை நாம் அருகிருந்து கண்டோம். நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர். ஊரும் பேரும் வேண்டாம். எட்டாம் வகுப்போடு நின்று, அடுப்படி வேலை பார்த்துக் கொண்டே, இருபத்தொரு வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாண்டில் பி.ஏ. தேறினார். ஒரு பாடத்திலும் தோற்கவில்லை. அரசுப் பணித் தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டார். பட்டச் சான்றிதழை நீட்டியவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றைக் கேட்டனர். அதோடு முடிந்தது. பின்னர் அவர் மனம் தளராமல் பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் எழுதித் தேறினார். அதுவும் பயன்படவில்லை, பட்டம் முந்தியும் பள்ளிச் சான்று பிந்தியும் இருந்தமையால் வரிசை தவறியது என்றார்கள். அவரைச் சேர்த்துக் கட்டணம் பெற்ற மையம் இதையெல்லாம் அவரிடம் சொல்லவேயில்லை. படித்தவர் குற்றவாளியைப் போல நிற்க நேர்ந்ததே நம்மை வருத்துகிறது.

ஆகவே ஸனது பெற்ற ஆலிம்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். மத்தியப் பல்கலைக் கழகங்கள் சில, தாம் ஏற்றுள்ள மதரஸாக்களின் சான்றிதழை மேல்நிலைக்கு ஒப்பாகக் கொண்டு குறிப்பிட்ட பட்டப் படிப்புகளில் சேர்க்கின்றன. அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகம் மதரஸா மாணவருக்கென 2013இல் ஓராண்டு இணைப்புப் படிப்பைத் தொடங்கியது. ஐதராபாத்தில் 1998இல் நிறுவப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக் கழகமும் மதரஸா மாணவருக்கு இடம் அளிக்கிறது. உருது அறிந்த நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம் அன்று. தமிழ் வழியில் ஓதிய பிள்ளைக்கு மொழி தடையாகும். சேர்வதற்கு முன் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: நம் மதரஸாவின் பெயர் அப்பல்கலைக் கழகத்தின் பட்டியலில் உள்ளதா? அப்பட்டம் எந்தப் பணிக்குச் செல்லும்? மதரஸா வழங்கும் சான்று தானே பட்டம் ஆகாது. உத்தரப் பிரதேச மதரஸாக் கல்விச் சட்டத்தை நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றமே, 2024 நவம்பரில் அளித்த அதே தீர்ப்பில், காமில், ஃபாழில் ஆகிய உயர்கல்விப் பட்டங்களை வழங்கும் அதிகாரம் மானியக் குழுச் சட்டத்தோடு முரண்படுவதாகக் கூறிவிட்டது.

நம் முடிவு இதுவே: அறிவுக்காக மட்டும் படிக்கும் நாற்பது வயதுக்காரர் எந்தக் கதவின் வழியாகவும் செல்லட்டும். வேலையை நாடும் பிள்ளை பத்தும் பன்னிரண்டும் எழுதாமல் பட்டத்துக்குப் போகக் கூடாது. இதற்காக ஓதுவதை நிறுத்த வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேறினால் போதும். ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடக்கிறது. ஆலிம் படிப்பின் ஏழாண்டில் இரு தேர்வுகளையும் சிரமமின்றி முடிக்கலாம். மதரஸாக்களே அதன் மையங்களாக ஏற்புப் பெறவும் வழியுண்டு.

மாநில வாரியத்தின் வழியே செல்ல விரும்புவோர் தனித்தேர்வராக எழுதலாம். பன்னிரண்டரை வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்புத் தேர்வும், பதினான்கரை வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம். இதில் நம்மவர் தவறவிடுவது ஒன்று: நேரடித் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே பதிந்திருக்க வேண்டும். நாளிதழில் சிறு செய்தியாக வந்து போகும் அவ்வறிவிப்பைக் காணாமல், தேர்வு நெருங்கிய பின் ஓடுவோர் பலர்.

கைத்தொழில் நாட்டமுள்ள பிள்ளைக்கு மற்றொரு நல்ல வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர், பிளஸ் டூ படிக்காமலேயே பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் மொழிப் பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால் அதற்கும் இணைச் சான்று உண்டு. நம் வீடுகளில் ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் ஏன் வந்தது என்று நமக்குப் புரியவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பத்தாம் வகுப்போடு நிறுத்தி நிக்காஹ் செய்து வைத்த பெண்பிள்ளைகள் பலர் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். வீட்டிலிருந்தே மேல்நிலைத் தேர்வு எழுத அவர்களுக்குத் தடையேதும் இல்லை. கணவன் வீட்டாரிடம் பேச வேண்டுமானால் நாம் வருகிறோம். மேல்நிலை தேறிய பின் கல்லூரிக்கு வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. திருத்தணியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் பள்ளியை விட்ட பிள்ளைகளின் பட்டியல் ஒன்று வீடு வீடாக எடுக்கப்பட வேண்டும்: பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, மாற்றுச் சான்றிதழ் கையில் உள்ளதா என்பவை போதும். மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் வேறுபட்டிருப்பின் அதனை முதலில் திருத்த வேண்டும்; எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் பக்கம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் சான்றுகளில் தெலுங்கு எழுத்தினால் பெயர் மாறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவலாம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தர நம் ஜமாஅத்தில் ஆசிரியர் பணி பார்ப்போர் இருவரேனும் முன்வந்தால், பள்ளிவாசலின் மேல்மாடி அறையைத் திறந்து தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள்.