முதியோர் சொல்லும் கதை



முதுமையடைந்த பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடக் கூறலாகாது என்பதை நாம் அறிவோம். மருந்தும் உணவும் வேளை தவறாது கொடுக்கிறோம். ஆயினும் அவர்கள் பழங்கதை பேசத் தொடங்கியதும், “இதை எத்தனை தடவை சொல்லிவிட்டீர்கள்!” என எழுந்து போய்விடுகிறோம்.

அவ்வாறு பேசுவது புத்தி தளர்ந்ததன் அடையாளம் என்றே ஒருகாலத்தில் மருத்துவர்களும் எண்ணினர். அமெரிக்க மனநல மருத்துவர் ரொபர்ட் பட்லர் 1963இல் இதனை மறுத்தெழுதினார். வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமைக்கு இயல்பானது என்றார் அவர். 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லம்பேர்ட் முதலானோர், சாதாரண மனிதர் தம் குரலிலேயே தம் கதையைக் கூற, பழைய புகைப்படங்களை இணைத்துச் சில நிமிடப் படமாக்கும் முறையைப் பரப்பினர். முதியோர் பராமரிப்பிலும் இம்முறை இடம்பெற்றது.

இது மறதி நோயைக் குணப்படுத்தும் என எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். நினைவுகூரல் சிகிச்சை பற்றிய 22 ஆய்வுகளைச் சீர்தூக்கிய கொக்ரேன் மீளாய்வு, 2018இல், பயன் உண்டு, ஆனால் அது சிறிதே என்றுதான் கூறியது. எனினும் தன் பேச்சைக் கேட்க ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதே தனித்திருக்கும் முதியவருக்குப் பெரும் ஆறுதலன்றோ?

நம் நாட்டில் இதனைத் தள்ளிப்போட இயலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், அன்று 40 வயதினராயிருந்தோர் இன்று 75ஐ எட்டிவிட்டனர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவையும் மன்னார் எருக்கலம்பிட்டியையும் நெஞ்சில் சுமந்தவாறு புத்தளத்தில் முதுமையடைந்தோர் பலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ புத்தளத்திலேயே பிறந்தவர்கள்.

உங்கள் கையடக்கத் தொலைபேசியே இதற்குப் போதும். “அன்று என்ன நடந்தது?” என எடுத்த எடுப்பில் கேளாதீர்கள். பழைய படமொன்றைக் கையில் கொடுத்து, வாப்பாவின் கடையையும் வீட்டுக் கிணற்றையும் நோன்புக் கஞ்சியையும் பற்றிக் கேளுங்கள். கண் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள். மீண்டும் தொடங்குவதா என்பதை அவரே கூறட்டும். மறதி நோயுள்ளவரிடம் “ஞாபகம் இருக்கிறதா?” எனப் பரீட்சை வைக்காதீர்கள், ஆண்டு பிழைத்தாலும் திருத்தாதீர்கள். பின்னர் பேரப்பிள்ளைகளைச் சூழ இருத்தி, அப்பதிவை அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.

அனுமதியின்றி அதனை வட்ஸ்அப்பில் அனுப்புவது அமானிதத்திற்கு மாறானது. வீட்டாருக்கு மட்டும் என்றால் வீட்டாருக்கு மட்டுமே. அழித்துவிடு என்றால், அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.