மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நேர்முகப் பரீட்சைக்கு எப்படிப் போவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது கேள்வி கேட்பவர்களிடம். இன்று எம்மில் பலர் வங்கி முகாமையாளர்கள், அதிபர்கள், நிறுவனப் பொறுப்பாளர்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை எம் கையெழுத்தில் தங்கியிருக்கிறது.

முதல் தவறு, அவசரத் தீர்ப்பு. நோயாளி கதிரையில் அமருமுன்பே நோயைத் தீர்மானித்துவிட்டால், பிறகு கேட்கும் கேள்வியெல்லாம் அந்த முடிவைப் பலப்படுத்தவே உதவும். வைத்தியர்களுக்குத் தெரிந்த இந்த ஆபத்து இங்கும் உண்டு. ஆங்கிலம் சற்றுத் தடுமாறியதும், "இவர் சரிவரமாட்டார்" என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது. 1950களில் இஸ்ரேலிய இராணுவத்தில் பணியாற்றிய டானியல் கானமன் என்ற இளம் உளவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆறு குணங்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றைப் பற்றியும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, தனித்தனியே புள்ளியிடச் செய்தார். பழைய முறையைவிட அது நன்றாகவே பலித்தது. 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே.

இரண்டாவது, வேலைக்குத் தொடர்பில்லாத கேள்வி. "எப்போது கலியாணம்? பிள்ளை பிறந்தால் வேலையை விடுவீரா?" ஆண்பிள்ளையிடம் கேட்காததைப் பெண்பிள்ளையிடமும் கேட்க வேண்டாம். பால், சாதி, மொழி, பிறந்த இடம் என்பவற்றைக் காட்டிப் பாரபட்சம் கூடாது என்று எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது.

மூன்றாவது, விலாசத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது. எல்கடுவ, கம்மடுவ, இரத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமல், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் தங்கிப்போவதை நாம் அறிவோம். நேர்முகப் பரீட்சை முடிந்த பின் அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் உண்டு. வராத பிள்ளையை "அக்கறையில்லாதவர்" என்று வெட்டுமுன், தயவுசெய்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

கடைசியாக ஒன்று. பேச்சை மட்டும் கேட்காமல் செய்யவேண்டிய வேலையில் ஒரு சிறு பகுதியைச் செய்யக் கொடுத்துப் பாருங்கள். கணக்குப் பதிபவருக்கு ஒரு பேரேடு, ஆசிரியைக்குப் பத்து நிமிடப் பாடம். வாய் தயங்கும் பிள்ளையின் கை அப்போது பேசும்.

இந்தப் பாடசாலை எம்மை விலாசம் பார்த்து வகுப்பில் அமர்த்தவில்லை. அடுத்து வரும் பிள்ளைகளுக்கு நாமும் அதையே செய்வோம்.