கேட்டவருக்கு மட்டும்



நான் இங்கே வானொலியில் ஒரு தடவைதான் பேசுகிறேன். பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு வேலை ஒன்றுதான். கணினி வலையமைப்பில் அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு கல்லூரியில் சிறப்புச் சொற்பொழிவு ஒன்றை 200 கணினிகளுக்கு நேரலையாக அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ நொடிக்கு 4 மெகாபிட். ஆளுக்கொரு பிரதி என்றால் சர்வரிலிருந்து நொடிக்கு 800 மெகாபிட் கிளம்ப வேண்டும். சரி, எல்லாருக்கும் பொதுவாக வாரி இறைத்துவிடலாம் என்றால், வேண்டாத கணினிகள் மேலும் அது கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு நடுவழி கண்டவர் ஸ்டீவ் டீரிங். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மல்டிகாஸ்ட், அதாவது குழுவுக்கு அனுப்பும் முறைக்கு அவர் எழுதிய விதிகள் 1989 ஆகஸ்டில் வெளிவந்தன. அனுப்புகிறவர், 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கும் ஒரு குழு முகவரிக்கு ஒரே பிரதியை அனுப்பினால் போதும். வேண்டும் என்கிற கணினி, 'என்னையும் சேர்த்துக்கொள்' என்று சொல்ல வேண்டும். வழி கிளை பிரிகிற இடத்தில் மட்டும் இன்னொரு பிரதி எடுக்கப்படும். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கச்சேரியில் ஒரு பகுதியை இந்த முறையில் இணையத்தில் விட்டுப் பார்த்தார்கள். பொது இணையத்தில் இது பரவலாகக் காலூன்றவில்லை. ஆனால் ஐபி டிவி, பங்குச் சந்தையின் விலைத் தகவல் போன்றவற்றில் இன்றைக்கும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி அனுப்பும் படம் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் எங்கே பார்ப்பது? ரூட்டிங் செய்யக்கூடிய, சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்சில் 'ஷோ ஐபி எம்ரூட்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். சாதாரண ரூட்டிங் பட்டியல், போக்குவரத்து இருக்கிறதோ இல்லையோ, அது பாட்டுக்கு இருக்கும். இது அப்படி இல்லை. அனுப்புகிறவரோ கேட்கிறவரோ இருக்கும் வரைதான் வரிகள் நிற்கும். அவர்கள் போய்விட்டால் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். ஆகவே நிகழ்ச்சி ஓடும்போதே பார்த்தாக வேண்டும். மறுநாள் காலை போய்ப் பார்த்துப் பயனில்லை.

ஒரு வரியைப் பார்ப்போம். மூலம் 10.1.5.20, குழு 239.1.1.5. உள்வழி விலான் 5, அதாவது வலையமைப்பின் ஐந்தாம் எண் பிரிவு. வெளிவழி விலான் 10, விலான் 20. வீடியோ எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கமாக உள்ளே நுழைகிறது, எந்தெந்தப் பக்கம் போகிறது, மூன்றும் கைக்கு வந்துவிட்டன. பக்கம்தான் தெரியும், அந்தப் பக்கத்தில் ஒருவர் பார்க்கிறாரா, நூறு பேர் பார்க்கிறார்களா என்று இந்த வரி சொல்லாது. மூலத்தின் இடத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், யார் அனுப்பினாலும் சரி, அது அந்தக் குழுவுக்கான பொதுவான வரி.

வெளிவழியில் 'நல்' என்று இருந்தால் புதியவர்கள் பதறிப்போவார்கள். பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த ஸ்விட்ச் வழியாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது, மூலத்தின் முகவரி உள்ள வரியில் உள்வழியே வெறுமையாக இருக்கும்போது. மூலத்துக்குத் திரும்பிப் போகும் வழி ஸ்விட்சுக்குத் தெரியவில்லை என்று பொருள். மூலத்துக்குப் போக எந்த வழி உகந்ததோ, அந்த வழியாக வந்த தரவுப் பாக்கெட்டை மட்டும்தான் ஸ்விட்ச் ஏற்கும். வேறு பக்கமாக வந்தால் கீழே போட்டுவிடும். ஒரே பாக்கெட் வட்டமடித்துப் பெருகாமல் தடுக்கும் இந்தக் கட்டுப்பாட்டை கணினி ஆராய்ச்சியாளர்கள் யோகேன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் 1978-லேயே எழுதிவிட்டார்கள்.

படம் நான்கைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறதா? இந்தப் பட்டியலை விட்டுவிட்டு 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் குரூப்ஸ்' பாருங்கள். எந்த போர்ட்டில் எந்தக் குழு என்று அதில் இருக்கும். 'இன்னும் வேண்டுமா?' என்று வலையமைப்பில் யாராவது ஒருவர் அவ்வப்போது விசாரிக்க வேண்டும். விதிப்படி வழக்கமான அளவு 125 விநாடிக்கு ஒரு தரம். விசாரிக்க ஆளில்லாவிட்டால் கணினிகளும் பதில் சொல்லாது. 260 விநாடியில் குழுவின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும், படம் நிற்கும். கேபிளை மாற்றி, சர்வரைத் திட்டி, கடைசியில்தான் பலர் இங்கே வருகிறார்கள்.

இந்தப் பட்டியல்களில் நீங்கள் கேட்காத குழுக்களும் தலைகாட்டும். 239.255.255.250 என்பது பக்கத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கணினிகளும் டிவிகளும் தேடுவது. 224.0.1.40 சிஸ்கோ கருவிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று இவற்றைப் பார்த்து மிரள வேண்டாம்.

வலையமைப்பைக் கவனிக்கும் பொறுப்பில் உள்ள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் இந்த இரண்டு பட்டியலையும் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.