வீட்டு மேசையா, ஸ்டூடியோ நாற்காலியா?

(பெங்களூருவில் அனிமேஷன், வரைகலைத் துறைகளில் பணிபுரியும் இளம் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்புக்கு வருவதற்கு முன் உங்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ஸ்டூடியோ வேலையில் தொடர்வதா, அல்லது அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாக வரைவதா? இதைச் சொந்த வாழ்க்கை பற்றிய கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு துறையில் பணிபுரியும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் துறையின் உற்பத்தி உறவில் ஏதோ மாறுகிறது என்று பொருள்.

கலைஞன் எப்போது தொழிலாளியாகிறான் என்பதை மார்க்ஸ் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். மில்டன் தமது காவியத்தைத் தமது இயல்பின் உந்துதலால் எழுதினார். பின்னர் அதை ஐந்து பவுனுக்கு விற்றார். ஆனால் பதிப்பாளரின் உத்தரவுப்படி லைப்சிக் நகரில் நூல்களை எழுதிக் குவிப்பவர் மூலதனத்தைப் பெருக்கும் தொழிலாளி. இருவர் கையிலும் இருப்பது பேனாதான். வேறுபாடு பேனாவில் இல்லை, உறவில் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் டிஜிட்டல் பேனாவுக்கும் இது பொருந்தும்.

ஸ்டூடியோ தருவதும் எடுப்பதும்

ஸ்டூடியோ முதலில் மாதச் சம்பளம் தருகிறது. சட்டப்படி நடந்தால் வருங்கால வைப்பு நிதி, ஊதிய வரம்புக்குள் இருப்போருக்கு இஎஸ்ஐ, பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, பணிக்கொடை ஆகியவை உண்டு. கணினியும் மென்பொருளும் முதலாளியின் செலவு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பக்கத்து நாற்காலியில் மூத்த கலைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் தவறைத் திருத்துவதைப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்கிறோம்.

இது புதிதன்று. அக்பரின் ஓவியக்கூடத்தில் ஒருவர் கோட்டுருவம் வரைய, இன்னொருவர் வண்ணம் தீட்ட, முகத்தை வேறொருவர் முடித்தார். வாரந்தோறும் பணிகள் பேரரசர் முன் வைக்கப்பட்டன. தரத்துக்கேற்ப ஊதியம் உயர்ந்தது என்று அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். வேலைப் பிரிவினையும் வாராந்தர மதிப்பாய்வும் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தன. அந்த ஓவியங்கள் பலவற்றின் ஓரத்தில் யார் எதைச் செய்தார் என்ற பெயர்க்குறிப்பும் இருக்கிறது. இன்று படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இடம் கேட்டுப் போராட வேண்டியுள்ளது.

ஸ்டூடியோ எடுப்பது என்ன? நேரம். படம் முடிக்கும் கெடு நெருங்கும்போது இரவு பகல் தெரியாது. ப்ராஜெக்ட் முடிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. கர்நாடகத்தில் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி துறைக்கு விலக்கு அளித்தபோது, அந்தப் பட்டியலில் அனிமேஷன், கேமிங், கணினி வரைகலை ஆகியவையும் சேர்க்கப்பட்டன. வேலை நேரம், ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் ஆகியவற்றை வரையறுத்த 1946ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் வாசலோடு நின்றுவிட்டது.

ஸ்டூடியோ வேலை நிலையானது என்பதும் பாதி உண்மையே. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் காட்சி விளைவுகளுக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதத்தில் திவால் மனு அளித்திருந்தது. அதற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, இதே பெங்களூருவில் ஏராளமான கலைஞர்கள் திடீரெனத் தெருவில் நின்றார்கள். அவர்களுடைய திறமையில் குறை ஏதும் இருக்கவில்லை. குறைந்த செலவில் வேலை முடிக்க வேண்டும் என்று ஹாலிவுட் நிறுவனங்கள் ஏலம் விடும் சந்தையில், நட்டம் கடைசிக் கண்ணியான தொழிலாளியின் தலையில் விழுந்தது.

வீடு தருவதும் எடுப்பதும்

பெங்களூருவின் நெரிசலில் நாள்தோறும் கழியும் இரண்டு, மூன்று மணி நேரம் வீட்டில் இருந்தால் மிஞ்சும். குழந்தையையோ முதிய பெற்றோரையோ கவனிக்கும் பொறுப்புள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பல நேரங்களில் இது ஒன்றே வழி. சொந்தப் படைப்புக்கு நேரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஸ்டூடியோவில் மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவர். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 1,600 ரூபாய். வீட்டில் இருந்தபடி நாளுக்கு 2,000 ரூபாய் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால் லாபம் போலத் தோன்றும். இப்போது செலவுகளைச் சேருங்கள். கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 30,000, மென்பொருள் சந்தா 20,000, மின்சாரமும் இணையமும் 22,000, மருத்துவக் காப்பீடு 15,000, முதலாளி செலுத்தியிருக்க வேண்டிய வைப்பு நிதிப் பங்குக்கும் பணிக்கொடைக்கும் ஈடாக 33,000. ஆக 1,20,000. ஆண்டுச் சம்பளமான 4,80,000உடன் சேர்த்தால் 6,00,000 ரூபாய். வேலை தேடும் நாள், கூலியில்லாத மாதிரி வரைவு, முடிவில்லாத திருத்தங்கள், நோய் ஆகியவை போக ஆண்டில் 160 நாளுக்குத்தான் கூலி கிடைக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் நாளுக்கு 3,750 ரூபாய் வாங்கினால்தான் பழைய சம்பளத்துக்குச் சமம். 2,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர் தம் கூலியில் ஏறத்தாழப் பாதியை முதலாளிக்கு விட்டுக்கொடுக்கிறார். தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும். கணக்கின் முறை மாறாது. ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் எண்களை இட்டு இதைப் போட்டுப் பாருங்கள்.

இதைத்தான் மார்க்ஸ் துண்டுக் கூலி பற்றிய அத்தியாயத்தில் விளக்கினார். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் மேற்பார்வையாளர் தேவையில்லை; தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வான். இடைத்தரகர் நுழைவதற்கும் வழி திறக்கும். எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமாப் பதாகை தீட்டிய நாட்களில் சதுர அடிக் கணக்கில்தான் கூலி. இன்று ‘ஒரு ஷாட்டுக்கு இவ்வளவு’ என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது.

பீடித் தொழிலாளர் கற்றுத் தரும் பாடம்

தோழர்களே, வீட்டில் இருந்து வேலை என்பதைக் கணினி கொண்டுவரவில்லை. மங்களூரிலும் திருநெல்வேலியிலும் முர்ஷிதாபாதிலும் பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக அதைச் செய்துவருகிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்துக்கு அஞ்சிய முதலாளிகள் இலையையும் தூளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர், எங்களுக்குப் பீடி தருபவர்கள்’ என்றார்கள்.

போராட்டங்களின் விளைவாக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் வேலை செய்பவரும் தொழிலாளியே என்று அது அறிவித்தது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. வருங்கால வைப்பு நிதி குறித்த வழக்கில், 1985இல் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. வீட்டில் சுற்றிக் கொண்டுவரும் பீடியில் தரமில்லாததைக் கழித்துவிடும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. அதுவே போதிய கட்டுப்பாடு. எனவே அவர் முதலாளியே. 1973இல் செகந்திராபாத் தையல்கடை வழக்கிலும், சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையை நீதிமன்றம் முக்கியச் சான்றாகக் கொண்டது.

உங்களுக்கு வரும் திருத்தக் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். ‘அப்ரூவல் கிடைக்கவில்லை, மறுபடி செய்’ என்பது அந்தத் தையல்கடையின் குரலல்லவா? பல பேருக்குப் பொதுவாக வேலை செய்து, தம் விலையைத் தாமே நிர்ணயிப்பவர் உண்மையான சுயேச்சைக் கலைஞர். ஒரே ஸ்டூடியோவுக்கு, அது குறித்த நேரத்தில், அது சொன்ன முறையில், ஆண்டு முழுவதும் வேலை செய்பவருக்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயரிடுவது வேடம். அந்த வேடத்தைக் கலைக்கும் சட்ட வாதம் பீடித் தொழிலாளரின் போராட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. கண்ணூரின் பீடிக் கம்பெனிகளில் ஒருவர் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றியபடியே கேட்பார்கள். வாசிப்பவரின் பங்குப் பீடியையும் அவர்களே சுற்றித் தருவார்கள். வடகேரளத்தில் நமது இயக்கம் வேர்விட்ட இடங்களில் அந்தக் கூடங்களும் அடங்கும். கேரளத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் மங்களூர் முதலாளிகள் கம்பெனிகளை மூடிவிட்டுப் போனார்கள். 1969இல் தொழிலாளர்கள் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பழகியவர்களால்தான் அது முடிந்தது. வீட்டு மேசை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மிகப்பெரிய பொருள் இந்தக் கூரைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கிக் தொழிலாளி, செயலித் தொழிலாளி என்ற சொற்களைச் சட்டத்தில் சேர்த்துள்ளன. ஆனால் அவர்களுக்குத் தொழிலாளி என்ற தகுதியைத் தரவில்லை. நலத் திட்டம் என்ற வாக்குறுதியை மட்டுமே தந்துள்ளன. குறித்த கால வேலை முறைக்கும் அவை கதவைத் திறந்துவிட்டன. வீட்டுவேலைத் தொழிலாளர் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது ஒப்பந்தம் 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

கூலி பாக்கியை வசூலிக்க இன்று ஃப்ரீலான்ஸ் கலைஞருக்குக் கைகொடுக்கும் சட்டம் எது தெரியுமா? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். அதன்படி உத்யம் பதிவு செய்தவருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பயன்படுத்துங்கள். ஆனால் தன் கூலியைப் பெறவே தொழிலாளி தன்னை ஒரு நிறுவனம் என்று பதிவு செய்ய வேண்டியுள்ள முரண்பாட்டையும் பாருங்கள்.

பதிப்புரிமையிலும் கவனம் தேவை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையேல், பணியில் இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர். வெளியில் இருந்து வரைபவர் உரிமையை எழுத்து மூலம் மாற்றித் தரும்போது, காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றே கொள்ளப்படும். ‘உலகெங்கும், என்றென்றும்’ என்ற இரு சொற்களை முதலாளிகள் ஒப்பந்தத்தில் ஏன் தவறாமல் நுழைக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

நம் விடை

எனவே யார் எதைத் தேர்ந்தெடுப்பது? தொழிலில் புதியவர்கள் முடிந்தவரை ஸ்டூடியோவில் தொடங்குங்கள்; கற்பதற்கும் சேர்வதற்கும் அதுவே இடம். வீட்டுச் சூழலால் வெளியேற வேண்டியவர்கள் குற்ற உணர்வின்றி வெளியேறுங்கள். ஆனால் எழுத்து ஒப்பந்தம், முன்பணம், திருத்தங்களுக்கு வரம்பு, நிறுத்தப்பட்ட வேலைக்கு இழப்பீடு ஆகிய நான்கும் இல்லாமல் ஒரு கோடும் வரையாதீர்கள்.

தேர்வு எதுவாயினும் அமைப்பு ஒன்றே. நமது சங்கங்கள் ஃப்ரீலான்ஸ் கலைஞர்களையும் உறுப்பினராக்க வேண்டும். ஸ்டூடியோவில் உள்ளவரும் வெளியில் உள்ளவரும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டும். அது இல்லாத வரை வீட்டில் இருப்பவரின் மலிவான கூலியைக் காட்டி ஸ்டூடியோவில் இருப்பவரையும், ஸ்டூடியோவின் ஆட்குறைப்பைக் காட்டி வீட்டில் இருப்பவரையும் மிரட்டுவார்கள். இந்தத் துறையில் பத்தாண்டில் 20 லட்சம் வேலைகள் உருவாகும் என்று ஒன்றிய அரசின் பணிக்குழு 2022இல் மதிப்பிட்டது. அவை எத்தகைய வேலைகள் என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

வாரம் ஒரு மாலையாவது ஒரே அறையில் கூடுங்கள். ஒருவர் நமது ஏட்டை வாசிக்கட்டும், மற்றவர்கள் வரையட்டும். வாசிப்பவரின் பங்கையும் சேர்த்து வரைந்து கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், சங்கம் பிறந்துவிட்டது என்று பொருள்.