வீட்ஸ்டனின் சிம்போனியம்

லண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ள ஹார்னிமன் மியூசியத்தில், வகைவகையான சங்கீத வாத்தியங்களுக்கு நடுவே, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் உலோகப் பெட்டி இருக்கிறது. ஊதுவதற்கு முகப்பிலே ஒரு துவாரமும், இரு பக்கங்களிலும் சின்னஞ்சிறு பொத்தான்களும் கொண்ட அதனைப் பொடிடப்பி என்று எண்ணுவோரை நான் குறை கூறமாட்டேன். சிம்போனியம் என்ற அந்த வாத்தியத்திற்கு 1829-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் வீட்ஸ்டன். பௌதிக மாணாக்கர்கள் மின்தடையை அளக்கும் 'வீட்ஸ்டன் பாலம்' எவர் பெயரால் வழங்குகிறதோ, அவரேதான். வாத்தியம் செய்து விற்கும் குடும்பத்தில் பிறந்த அவர், சபையில் வாய் திறக்கக் கூசும் சுபாவமுடையவராதலால், ஒலியைப் பற்றிய அவரது ஆராய்ச்சிகளைப் பேரறிஞர் மைக்கேல் ஃபாரடேயே பிரசங்கமாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

பெட்டிக்குள்ளே, ஒரு முனை பிணைக்கப்பட்டு மறுமுனை விடுபட்ட மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் வழி திறந்து, மூச்சுக் காற்று உரிய நாக்கை அதிரச் செய்கிறது. சீன தேசத்து ஷெங் என்னும் புராதன வாத்தியத்திலும், நம் ஆர்மோனியத்திலும், சிறுவர்கள் ஊதும் மவுத் ஆர்கனிலும் உள்ள தத்துவம் இதுவே. ஆனால் மவுத் ஆர்கனில் ஸ்வரத்தைத் தேடி வாய் நகர வேண்டும். இங்கோ வாய் அசையாதிருக்க, விரல்களே ஸ்வரத்தைத் தேர்ந்துகொள்கின்றன. ஒரு ஸ்வரம் இடக்கைக்கும் அடுத்தது வலக்கைக்குமாகப் பொத்தான்களைப் பகிர்ந்து வைத்தமையால், துரித கதியிலும் விரல்கள் தடுமாறுவதில்லை. இந்த யுக்தியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாகஸ்வரத்தின் சீவாளி உதட்டின் அழுத்தத்திற்கேற்ப இழைந்து கொடுக்கும். உலோக நாக்கோ, வைத்த ஸ்தானத்தை விட்டு எளிதில் அசையாது. கமகத்திற்கு இடங்கொடாத இந்தப் பிடிவாதமும் ஒரு காரணமாகவே, 1940 முதல் சுமார் 30 ஆண்டுகள் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. ஐரோப்பிய சங்கீதத்திற்கு அது குறையாகப் படவில்லை.

சிம்போனியத்தின் குறை வேறு: வாத்தியத்தை வாயில் வைத்திருப்பவர் பாட முடியாது, மூச்சுக்கும் ஓர் எல்லையுண்டு. ஆகவே வீட்ஸ்டன், ஊதும் துவாரத்தை நீக்கி, இரு கைகளுக்கும் நடுவே மடிப்புத் துருத்தியை அமைத்தார். அவ்விதம் உருவான கன்ஸர்ட்டினாவுக்கு 1844-இல் அவர் காப்புரிமை பெற்றபின், சிம்போனியத்தை நாடுவோர் அருகினர். பொத்தான்களின் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஆங்கிலக் கன்ஸர்ட்டினா பயில்வோர் இன்றும் ஒரு ஸ்வரத்தை இடக்கையிலும் அடுத்ததை வலக்கையிலுமாகவே பழகி வருகின்றனர்.