வருவாயை முன்னுரைத்தல்

வயலிலே கதிர் பசுமையாக நிற்கும்போதே, இம்முறை ஏக்கருக்கு இத்தனை மூடை காணும் என்று கமக்காரன் கணக்கிடுவதுண்டு. அக்கணக்கைத் தன் மனத்துள் வைத்துக்கொண்டால் அது வெறும் மதிப்பீடு. அதனை நம்பிக் கடன் கொடுப்பவனிடம் கூறிவிட்டாலோ அது பொறுப்புள்ள வாக்காகிவிடுகின்றது. பெருங் கம்பனிகளின் நிர்வாகிகள் வருங்கால வருவாயைப் பங்குதாரருக்கு முன்னுரைப்பதும் இத்தகையதே.

பங்கின் விலை சென்ற ஆண்டின் இலாபத்தால் மட்டும் அமைவதன்று. இனி ஈட்டப்போவது எவ்வளவு என்னும் எதிர்பார்ப்பே அதனைப் பெரிதும் ஏற்றுகின்றது, இறக்குகின்றது. ஆதலின், ஐக்கிய அமெரிக்காவிலே பல கம்பனிகள் மூன்று மாதக் கணக்கை வெளியிடும்போது, அடுத்து வரும் காலத்துக்கான எதிர்வுகூறலையும் வெளியிடுகின்றன. பின்னர் தொலைபேசி வழியாகக் கூட்டம் நடத்தி, பங்குச் சந்தை ஆய்வாளரின் வினாக்களுக்கு நிர்வாகிகள் விடையளிக்கின்றனர். அச்சிட்ட இலக்கத்தைப் போலவே அவ்விடைகளும் எடைபோடப்படுகின்றன.

இவ்வழக்கத்துக்கு அந்நாட்டில் இரு முக்கிய விதிகள் உண்டு. தக்க எச்சரிக்கையோடு கூறிய எதிர்வுகூறல் பொய்த்துப்போனால், அக்காரணத்துக்காக மட்டும் நிர்வாகிகள் வழக்கில் அகப்படாதபடி 1995ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியைத் தெரிந்தெடுத்த ஆய்வாளர் சிலரின் காதில் மட்டும் ஓதலாகாது, எல்லார்க்கும் ஒருங்கே அறிவித்தல் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதி கட்டளையிடுகின்றது.

விதிகள் இருந்தும் இடர் நேர்வதற்கு அப்பிள் கம்பனியின் வரலாறு சான்று. 2018 நவம்பர் 1ஆம் நாள், அவ்வாண்டின் இறுதி மூன்று மாத விற்பனை வருவாய் 8,900 கோடி டொலருக்கும் 9,300 கோடி டொலருக்கும் இடைப்பட்டதாயிருக்கும் என்று அது முன்னுரைத்தது. ஒரே இலக்கம் கூறாது இரு எல்லை கூறியமை நன்றே; நிச்சயமின்மையின் அளவை அது கேட்போருக்கு உணர்த்துகின்றது. அன்றைய கூட்டத்தில் தலைமை நிர்வாகி ரிம் குக், இந்தியா, துருக்கி முதலிய நாடுகளிலே விற்பனைக்கு நெருக்கடி உண்டென்றும், சீனாவை அவ்வரிசையில் வைப்பதற்கில்லை என்றும் கருத்துப்படப் பேசினார்.

இரண்டு மாதம் கழிந்தது. 2019 ஜனவரி 2ஆம் நாள் அவரே முதலீட்டாளருக்குக் கடிதம் வரைந்து, வருவாய் ஏறத்தாழ 8,400 கோடி டொலராகவே இருக்குமென்றும், குறைவின் பெரும்பகுதி சீனப் பிரதேசத்தில் நேர்ந்ததென்றும் அறிவித்தார். மறுநாள் பங்கின் விலை நூற்றுக்குப் பத்து வீதமளவில் வீழ்ந்தது.

பங்குதாரர் வழக்காடினர். வழக்கில் முன்னின்றது இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் உள்ளூராட்சி ஊழியருக்கு ஓய்வூதியம் வழங்கும் நிதியம். கடலுக்கப்பால் ஒருவர் கூறிய விடை, முதுமைக் காலத்துக்கென ஊழியர் சேர்த்த பொருளையும் தொட்டுவிட்டது. தவறெதனையும் ஒப்புக்கொள்ளாமல், 49 கோடி டொலர் செலுத்தி வழக்கைத் தீர்க்க 2024 மார்ச்சில் கம்பனி உடன்பட்டது.

இவ்விடர் எதற்கு என்று முன்னுரைப்பதையே கைவிட்டோரும் உளர். கொக்கா கோலா 2002இலும், யுனிலீவர் 2009இலும் குறுங்கால எதிர்வுகூறலை நிறுத்தின. மூன்று மாத இலக்கை எட்டும் ஆவலில் நெடுங்கால முயற்சிகள் குறுகிவிடும் என்பது இக்கொள்கையினரின் வாதம். அதில் உண்மையுண்டு. எனினும், நிர்வாகி வாய்மூடியிருந்தால் சந்தை ஊகிப்பதை நிறுத்திவிடாது; விவரமறியாதவரின் ஊகமே அவ்விடத்தை நிரப்பும்.

மழை பிழைத்து விளைச்சல் குறைந்தால் கமக்காரனை எவரும் பொய்யன் என்னார். பயிரில் நோய் கண்ட பின்னும் பழைய கணக்கையே சொல்லித் திரிந்தால் அவன் பழிக்கு ஆளாவான். நிர்வாகியிடம் பங்குதாரர் கேட்பது தீர்க்கதரிசனம் அன்று. இன்று அவர் அறிந்ததை இன்றே, எல்லார்க்கும் ஒரே அளவாகச் சொல்லும் நேர்மையே.